பண்டிகை தெரியாத எண்ணெய்க்காரர்கள்: கொங்கண் யூதர்களும் ஹனுக்காவும்

இன்னைக்கு எபிசோட் ஒரு முரண்ல இருந்து தொடங்குது. யூதர்கள் எண்ணெயை நடுவுல வெச்சு கொண்டாடுற பண்டிகை ஹனுக்கா. நம்ம நாட்டுல, மும்பைக்குத் தெற்கே கொங்கண் கடற்கரை கிராமங்கள்ல, தலைமுறை தலைமுறையா எண்ணெய் ஆட்டிப் பிழைச்ச ஒரு யூதச் சமூகம் இருந்தது. பேரு பெனே இஸ்ரேல். ரொம்ப காலத்துக்கு அவங்களுக்கு அந்த எண்ணெய்ப் பண்டிகையே தெரியாது.

ஏன் தெரியாதுங்கிற கேள்வி ஒரு சமூகத்தோட அடையாளத்தையே உரசிப் பார்த்த கதைதான் இது.

முதல்ல ஹனுக்கா என்னன்னு பார்த்துடலாம். கி.மு. 167 வாக்குல, யூதேயா கிரேக்க வழி வந்த செலூக்கிய அரசர்களோட கையில இருந்தது. நான்காம் அந்தியோக்கஸ் யூத வழிபாட்டைத் தடை பண்ணி, எருசலேம் கோயிலைத் தன் தெய்வங்களுக்கு மாத்தினான். மக்கபேயர்னு அறியப்படுற குடும்பம் கலகத்தைத் தொடங்கி, கி.மு. 164ல கோயிலை மீட்டு மறுபடியும் அர்ப்பணிச்சாங்க. ஹனுக்கான்னாலே அர்ப்பணிப்புன்னுதான் அர்த்தம். நம்ம பூந்தமல்லி, ஆவடி பக்கம் கேக்குற கத்தோலிக்க நண்பர்கள் வீட்டு பைபிள்ல மக்கபேயர் நூல்கள் இருக்கும், எடுத்துப் பாருங்க. கலகம் இருக்கும், கோயில் இருக்கும். ஆனா ஒரு நாளுக்கான எண்ணெய் எட்டு நாள் எரிஞ்ச அற்புதம் அதுல இருக்காது. அந்தக் கதை பல நூற்றாண்டு கழிச்சு, தல்மூத்ல வருது.

தல்மூத்ல ஒரு விவாதமும் இருக்கு, நம்ம ஆபீஸ் கோட் ரிவ்யூ மாதிரியே. முதல் நாள் எட்டு விளக்கு ஏத்தி, தினமும் ஒண்ணு குறைக்கணும்னு ஷம்மாய் தரப்பு சொல்லுது. ஒண்ணுல ஆரம்பிச்சு எட்டு வரைக்கும் ஏத்தணும்னு ஹில்லேல் தரப்பு சொல்லுது. ஜெயிச்சது ஹில்லேல். எட்டு நாளும் சேர்த்து 36 சுடர். அதுபோக, மத்த விளக்குகளைப் பத்த வைக்க ஷமாஷ்னு தினமும் ஒரு விளக்கு தனியா உண்டு. அதனாலதான் அந்த விளக்குத் தண்டுல ஒன்பது இடம்.

நம்ம கார்த்திகை தீபத்தோட ஒப்பிடத் தோணும். அதே கார்த்திகை, மார்கழி வாக்குல வர்றது, அதே எண்ணெய், அதே வாசல். ஆனா கார்த்திகை தீபம் பௌர்ணமியை ஒட்டி வரும். ஹனுக்கா கிஸ்லேவ் மாசம் 25ஆம் தேதி தொடங்கி அமாவாசையைத் தாண்டிப் போகும். நிலா இல்லாத ராத்திரிகள்ல தினம் ஒரு சுடர் கூடிக்கிட்டே வரும்.

இப்போ கொங்கணுக்கு வருவோம். அலிபாக் பக்கத்துல நவ்காவ்ங்கிற கடற்கரையில ஒரு கப்பல் உடைஞ்சு, ஏழு தம்பதிகள் மட்டும் பிழைச்சாங்க, அவங்க வழி வந்தவங்கதான் நாங்கன்னு பெனே இஸ்ரேல் மக்கள் சொல்றாங்க. புத்தகங்கள் கடலோட போச்சு. எபிரேய மொழியும் மெல்ல மறந்துபோய், மராத்தி வீட்டு மொழி ஆச்சு. குடியிருந்த ஊர்ப் பேரோட 'கர்' சேர்த்துக் குடும்பப் பேர் வெச்சுக்கிட்டாங்க.

எல்லாம் போயும் சிலது மிஞ்சுச்சு. எட்டாம் நாள் ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம். 'ஷெமா' பிரார்த்தனையோட வார்த்தைகள். செதிலும் துடுப்பும் இல்லாத மீனைச் சாப்பிடாத பழக்கம். எல்லாத்துக்கும் மேல, சனிக்கிழமை ஓய்வு. அன்னைக்குச் செக்கு ஓடாது. அதைப் பார்த்த அக்கம்பக்கத்து ஊர்க்காரங்க அவங்களுக்கு வெச்ச பேரு 'ஷனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை எண்ணெய்க்காரங்க. வாரத்துல ஒரு நாள் வருமானத்தை விடுறது ஏழைக் குடும்பத்துக்குச் சின்ன விஷயம் இல்ல. ஒரு பக்கம் எழுத்து இல்லாம ஒரு மதம் பிழைச்சது இந்த லீவு நாள்லதான்.

பிறகு வெளி உலக யூதர்கள் வந்தாங்க. தாவீது ரஹாபின்னு ஒருத்தர் இவங்களைக் கண்டுபிடிச்சதா சமூகத்துல ஒரு மரபுக்கதை உண்டு. பல வகை மீனைக் கொடுத்துச் சமைக்கச் சொன்னாராம். பெண்கள் செதில் இல்லாத மீனை மட்டும் ஒதுக்கி வெச்சாங்களாம். அதைப் பார்த்துதான் இவங்க யூதர்கள்னு முடிவு பண்ணி, மூணு பேருக்கு மத நூல் கத்துக்கொடுத்தாராம். அவர் எந்த நூற்றாண்டுன்னு வரலாற்றாளர்கள் நடுவுல சண்டை இருக்கு. 18ஆம் நூற்றாண்டுல கொச்சி யூதர்களோட தொடர்பு உறுதியானது நிச்சயம். 1796ல மும்பையில பெனே இஸ்ரேல் சமூகத்தோட முதல் ஜெப ஆலயம் எழும்புச்சு. ஹனுக்கா வீட்டுக்குள்ள வந்தது இப்படிக் கத்துக்கிட்டுதான்.

சரி, தெரியாம இருந்ததுக்கு என்ன அர்த்தம்? சமூகத்துக்குள்ளயே ஒரு வாதம் உண்டு: ஹனுக்கா உருவானதே கி.மு. 164ல. எங்களுக்கு அது தெரியலைன்னா, அதுக்கு முன்னாடியே எங்க முன்னோர் கிளம்பிட்டாங்க. அதாவது, ஒரு பண்டிகை இல்லாததுதான் எங்க பழமைக்குச் சாட்சி. கேக்க நல்லா இருக்கு. ஆனா ஒரு ஃபைல்ல ஒரு வரி இல்லேன்னா, அது எழுதப்படாமலும் இருந்திருக்கலாம், பின்னால அழிஞ்சும் போயிருக்கலாம். இல்லாததை வெச்சு தேதி குறிக்க முடியாது.

இதே மாதிரி ஒரு இல்லாமையை வேற ஒருத்தர் எதிர்ப்பக்கமா படிச்சாங்க. 1948க்குப் பிறகு பெனே இஸ்ரேல் மக்கள் ஆயிரக்கணக்குல இஸ்ரேலுக்குக் குடியேறினாங்க. அங்க கல்யாணம் ரபிகள் கையில. திருமணம், விவாகரத்து பத்தின யூதச் சட்டங்கள் தனிச்சிருந்த காலத்துல இவங்களுக்குத் தெரியாதே, அப்போ இவங்க வம்சம் சரியான்னு கேள்வி வந்தது. 1960களோட தொடக்கத்துல, இவங்களைக் கல்யாணம் பண்ணிக்க வந்தவங்க வம்சத்தைத் தலைமுறை பின்னாடி போய் விசாரிக்கணும்னு தலைமை ரபிகள் அமைப்பு வழிகாட்டுதல் கொடுத்துச்சு. யோசிச்சுப் பாருங்க. சனிக்கிழமை செக்கை நிறுத்தினவங்களோட பேரப்பிள்ளைகள்கிட்ட, நீ யாருன்னு ஆதாரம் கேக்குறாங்க. அவங்க எருசலேம்ல போராட்டத்துல உக்காந்தாங்க. 1964ல பிரதமர் லெவி எஷ்கோல் அரசு அவங்க பக்கம் நின்னுச்சு. அவங்களைத் தனியா குறிச்ச அந்த வழிகாட்டுதலும் மாத்தப்பட்டுச்சு.

ஒரே இடைவெளி. ஒரு தரப்புக்கு அது பெருமை, இன்னொரு தரப்புக்குச் சந்தேகம். ரெண்டு பேருமே எது இல்லைங்கிறதைத்தான் பார்த்தாங்க. என்னைக் கேட்டா, எது இருந்துச்சுங்கிறதுதான் வரலாறு.

நம்ம சென்னையையே எடுத்துக்கங்க. 1688ல தொடங்கின மதராஸ் மாநகராட்சியோட முதல் ஆல்டர்மேன்கள்ல யூத வணிகர்களும் இருந்தாங்க. பவளமும் வைரமும் வியாபாரம். அவங்ககிட்ட புத்தகம் இருந்துச்சு, லண்டனோட கடிதத் தொடர்பும் இருந்துச்சு. இன்னைக்கு நம்ம கண்ணுக்கு மிஞ்சினது ஜார்ஜ் டவுன்ல பவளக்காரத் தெருங்கிற பேரும், லாயிட்ஸ் ரோட்டுல ஒரு சின்ன கல்லறைத் தோட்டமும். புத்தகம் இல்லாத எண்ணெய்க்காரங்களோ இன்னும் சமூகமா இருக்காங்க.

இன்னைக்கு இந்தியாவுல யூதர்கள் சில ஆயிரம் பேர்தான், பெரும்பாலும் மும்பை, தாணே பக்கம். சில வீடுகள்ல மெழுகுவத்திக்குப் பதிலா சின்னக் கண்ணாடிக் கிண்ணத்துல தேங்காய் எண்ணெய் ஊத்தித் திரி போடுவாங்க. ஹனுக்காவுக்கு எண்ணெயில பொரிச்சது சாப்பிடணும். ஐரோப்பிய யூதர்கள் உருளைக்கிழங்கு அடை சுடுவாங்க, இங்க குலாப் ஜாமூன் வரும்.

விளக்கை எங்க வைக்கணும்னும் தல்மூத் சொல்லுது. வாசலுக்கு வெளியில, நாலு பேர் பார்க்குற மாதிரி. ஆபத்தான காலம்னா வீட்டுக்குள்ள மேசை மேல போதும். மும்பைக்கு ரெண்டும் தெரியும். 2008 நவம்பர்ல நரிமன் ஹவுஸ்ல ரபி கவ்ரியேல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் அவர் மனைவி ரிவ்காவும் கொல்லப்பட்டாங்க. அடுத்த மாசமே ஹனுக்கா வந்துச்சு. அதே நகரத்துல கேட்வே ஆஃப் இந்தியா முன்னாடி, எல்லாரும் பார்க்க, பெரிய விளக்கு ஏத்துற வழக்கமும் இருக்கு.

நம்ம அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்கள்லயும் வருஷா வருஷம் ஒரு சண்டை வரும்: இது நம்ம பண்டிகையா, வெளியில இருந்து வந்ததா? அடுத்த தடவை அது வந்தா, இந்த எண்ணெய்க்காரங்களை நினைச்சுக்கங்க. ஹனுக்காவை அவங்க தாமதமாத்தான் கத்துக்கிட்டாங்க. ஆனா அதுக்கு ஊத்துற எண்ணெய் அவங்க பாட்டன் பூட்டன் ஆட்டினது.