கரண்ட் கம்பியை விட்டுக் காற்றைப் பிடித்த வில்லியனூர்

ஒரு வீட்டில் இரண்டு கம்ப்யூட்டர். ஒன்று மாடியில், இன்னொன்று கீழே கூடத்தில். இரண்டையும் இணைக்க வேண்டும். சுவரைக் குடைந்து புதிதாக கேபிள் இழுக்க யாருக்கும் மனசு வராது. ஆனால் சுவருக்குள் ஏற்கெனவே ஒரு கம்பி எல்லா அறைக்கும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது? கரண்ட் கம்பி! அதையே பயன்படுத்தினால் என்ன?

யோசனை புதிது போலத் தெரிந்தாலும் வயது அதிகம். மின்வாரியங்கள் ஒரு துணை மின்நிலையத்திலிருந்து இன்னொன்றுக்குப் பேச, உயரழுத்த மின்கம்பியையே பல பத்தாண்டுகள் டெலிபோன் கம்பியாகப் பயன்படுத்தி வந்தன. பெரிய துணை மின்நிலையத்தைக் கடந்து போகும்போது, மேலே பீப்பாய் மாதிரி ஒரு சுருள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். பேச்சு சிக்னல் நிலையத்துக்குள் இருக்கும் மின்கருவிகள் பக்கம் போய்விடாமல் தடுப்பதுதான் அதன் வேலை. இந்த வித்தை வீட்டுக் கம்ப்யூட்டருக்கு ஒழுங்கான ஒரு தரமாக வந்து சேர்ந்தது 2001ல். பெயர் ஹோம்பிளக். நொடிக்கு 50 முறை அதிரும் மின்சாரத்தின் மேல், பல லட்சம் முறை அதிரும் சிக்னலை ஏற்றி அனுப்புவார்கள். வேகம் ஏட்டளவில் நொடிக்கு 14 மெகாபிட். 2005ல் வந்த அடுத்த தரத்தில் அது 200 ஆனது. (மிக்ஸி ஓடினால் வேகம் குறையும். அது வேறு கதை.)

வீட்டுக்குள் சரி. ஆனால் ஒரு ஊரையும் பக்கத்து ஊரையும் இப்படி இணைக்க முடியுமா? சிரமம். நடுவில் நிற்கும் டிரான்ஸ்பார்மர் 50 சுழற்சி மின்சாரத்துக்காகச் செய்யப்பட்டது. அவ்வளவு வேகமாக அதிரும் சிக்னலை அது பெரும்பாலும் விழுங்கிவிடும். அதோடு, மின்சாரமே சொல்லாமல் கொள்ளாமல் போகிற ஊரில் கரண்ட் கம்பியை நம்பி என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய கட்டாயம் 1998ல் புதுச்சேரி கிராமங்களில் வந்தது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம், கனடா நாட்டின் ஐ.டி.ஆர்.சி. நிதி உதவியோடு, "தகவல் கிராமம்" என்ற ஆய்வுத் திட்டத்தை அந்த வருடம் தொடங்கியது. நடு மையம் வில்லியனூர். புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் போகும் சாலையில் இருக்கிற, திருக்காமீசுவரர் கோயில் ஊர். அங்கிருந்து கீழூர், ஏம்பலம், பூரணாங்குப்பம், வீராம்பட்டினம் என்று ஒவ்வொரு கிராமமாக இணைத்தார்கள். 1954 அக்டோபர் 18ல் மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170க்கு 8 என்ற கணக்கில் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்களே, அதே கீழூர்தான்.

தொலைபேசிக் கம்பி? எல்லா ஊரிலும் கிடையாது. இருந்த இடத்திலும் அதை நம்பிக் கணினியை இணைக்க முடியாது. அதனால் கம்பியை விட்டுக் காற்றைப் பிடித்தார்கள். போலீஸ் ஜீப்பில் கரகரவென்று பேசுமே, அந்த மாதிரி வி.எச்.எப். இருவழி வானொலிக் கருவி. அதை மோடத்தோடு சேர்த்து கம்ப்யூட்டரில் இணைத்தால், பேச்சும் போகும், கோப்பும் போகும். வில்லியனூர் மட்டும் டயல்-அப்பில் இணையத்தைத் தொடும். அங்கே தகவலைத் திரட்டி, தமிழாக்கி, வானொலி வழியே கிராமங்களுக்கு அனுப்புவார்கள். மின்வெட்டுக்கு மாற்றாக சூரியத் தகடும் பேட்டரியும். வேகம் என்று பார்த்தால் இன்றைக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் நெல் விலை, ஆஸ்பத்திரி விவரம், அரசாங்கத் திட்டங்களில் யாருக்கு என்ன கிடைக்கும் என்கிற பட்டியல், இதெல்லாம் எத்தனை கிலோபைட் இருந்துவிடப் போகிறது?

வணிகவியல் கண்ணோடு பார்த்தால் இதில் கவனிக்க வேண்டியது கருவியை விட ஒப்பந்தம். கம்ப்யூட்டரும் வானொலியும் நிறுவனம் தரும். இடம், கரண்ட் கட்டணம், நடத்துகிற ஆள் எல்லாம் ஊருடைய பொறுப்பு. நடத்தியவர்களில் பெரும்பாலோர் ஊர்ப் பெண்கள், பள்ளிப் படிப்போடு நின்றவர்கள். சம்பளமில்லாத தொண்டர்கள்! இலவச உழைப்பின் மேல் கட்டிய கணக்கு எத்தனை நாள் தாங்கும் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். மையங்களை ஓட்டியதில் அந்தப் பெண்களின் நேரமும் ஒரு செலவுதான்.

ஒப்பந்தத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. மையம் இருக்கும் இடத்துக்குள் தலித்துகள் உட்பட ஊரில் எல்லாரும் வரலாம் என்று இருக்க வேண்டும். கேட்க எளிது. கிராமத்தில் பொது இடம் என்றால் பெரும்பாலும் கோயில்தானே! ஏம்பலத்தில் கிடைத்ததும் கோயில் கட்டடத்தில் ஓர் அறைதான். கோயிலின் ஒரு வாசல் வழியே தலித்துகளும் மாதவிலக்கான பெண்களும் உள்ளே போக முடியாது. பக்கத்திலேயே கம்ப்யூட்டர் இருந்த வாசலில் அந்தத் தடை இல்லை. 2000ல் நியூயார்க் டைம்ஸ் நிருபர் வந்து எழுதியதும் இந்த இரண்டு வாசல்களைப் பற்றித்தான். எந்த மோடத்தாலும் தாண்ட முடியாத இடைவெளி இது. அறையைத் தேர்ந்தெடுப்பதில்தான் தாண்ட முடியும்.

விருதுகளும் வந்தன. 2001ல் ஸ்டாக்ஹோம் சேலஞ்ச் விருது கிடைத்தது. 2006ல் நாடு முழுக்க ஒரு லட்சம் பொதுச் சேவை மையங்கள் அமைக்கும் திட்டத்துக்கு மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது.

ஆனால் இந்த வலையின் உண்மையான கடைசிக் கண்ணி கம்ப்யூட்டரே இல்லை. கடலோரம் போனால்தான் அது தெரியும். வீராம்பட்டினம் மீனவர் ஊர். விடியுமுன் கடலுக்குப் போகிறவர் மையத்துக்கு வந்து திரையைப் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து வங்கக் கடலின் அலை உயரத்தை எடுத்து, தமிழில் ஒலிபெருக்கியில் சொன்னார்கள். கூம்பு ஒலிபெருக்கி, கல்யாண வீட்டில் பாட்டுப் போடுமே அதேதான். ஏதோ ஒரு நாட்டுக் கடற்படை தன் கப்பலுக்காகப் போட்ட கணக்கு, இங்கே கட்டுமரத்துக்கு உதவியது. அடுத்தடுத்த வருடங்களில் நல்லவாடு போன்ற மற்ற மீனவர் ஊர்களுக்கும் ஒலிபெருக்கி வந்தது.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. நம் நேரப்படி காலை 6.29க்கு சுமத்ரா அருகே பூகம்பம். அலை நம் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. அந்த நேரத்தில் இணையத்தில் எந்த எச்சரிக்கையும் இல்லை. இருந்தால்தானே எடுத்துச் சொல்ல? இந்தியப் பெருங்கடலுக்கு அப்போது சுனாமி எச்சரிக்கை அமைப்பே கிடையாது. நல்லவாட்டுக்கு வந்தது ஒரு போன். சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்க்காரர் ஒருவர், அங்கே செய்தி பார்த்துவிட்டு, "கடல் உள்ளே வரும், ஓடுங்கள்" என்ற பொருளில் வீட்டுக்குச் சொன்னார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போய் ஒலிபெருக்கியைப் போட்டார்கள். தினமும் அலை உயரம் சொன்ன அதே ஒலிபெருக்கி. ஜனம் கரையை விட்டு ஓடியது. வீடுகளும் படகுகளும் போயின. ஆட்கள் பிழைத்தார்கள்.

ஐதராபாத்தில் இந்தியாவின் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் செயல்படத் தொடங்கியது 2007 அக்டோபரில்.