ஒட்சிசன்: ஒரு பெயரின் வரலாறு

நாம் உட்கொள்ளும் மூச்சில் ஒட்சிசன் உண்டென்பதைப் பாடசாலைச் சிறுவரும் அறிவர். அப்பெயரின் பொருள் யாதென வினவின் விடை கூறுவோர் சிலரே. கிரேக்க மொழியில் முற்பகுதி கூர்மையையும் புளிப்பையும், பிற்பகுதி பிறப்பித்தலையும் குறிக்கும். எனவே ஒட்சிசன் எனின் 'புளிப்பைப் பிறப்பிப்பது', அதாவது அமிலத்தை ஆக்குவது என்பதாம்.

1774 ஆம் ஆண்டு ஆகத்து 1 ஆந் திகதி, இங்கிலாந்தினரான பிறீத்திலி, இரசத்தின் செந்நிற ஒட்சைட்டை ஞாயிற்றின் ஒளியை வில்லையாற் குவித்துச் சூடாக்கி இவ்வாயுவைப் பெற்றார். சுவீடன் நாட்டுச் சீலே அதற்கு முன்னரே பெற்றிருந்தும், அவரது நூல் 1777 இலேயே வெளிவந்தது. பெயரிட்டவரோ இவ்விருவருமல்லர், பிரான்சு நாட்டு இலவோசியரே. கந்தகமும் பொசுபரசும் எரியுங்கால் இவ்வாயுவோடு கூடுதலையும், விளைந்த பொருள் நீரிற் கரைந்து அமிலமாதலையும் அவர் கண்டார்; அமிலங்கள் யாவற்றுக்கும் இதுவே மூலமெனத் துணிந்தார். 1787 இல் அவரும் வேறு மூவரும் வெளியிட்ட பெயரீட்டு நூல் அப்பெயரை நிலைநாட்டிற்று.

துணிபு பிழைத்தது. கறியுப்பிலிருந்து பெறப்படும் ஐதரோகுளோரிக்கமிலத்தில் ஒட்சிசன் அணுவளவும் இல்லை. 1810 இல் அம்பிரி டேவி, அவ்வமிலத்தினின்று வரும் வாயுவை வெண்சூடேறிய கரியாற் சோதித்தும் ஒட்சிசனைக் காணாது, அது தனி மூலகமே என்றார். கொள்கையை நம்பாது கண் கண்ட நிறத்தை நம்பி, வெளிறிய பச்சை என்னும் பொருள்படக் குளோரின் எனப் பெயரிட்டார். இத்திருத்தத்தை இலவோசியர் காணவில்லை. 1794 இல் புரட்சியாளர் அவர் தலையைக் கொய்துவிட்டனர்.

கொள்கை வீழ்ந்தது, பெயர் வீழவில்லை. சேர்மானியரும் யப்பானியரும் அப்பெயரின் பொருளையே தம் மொழிகளிற் பெயர்த்தனர்; பொருளோடு பிழையும் பெயர்ந்தது. நம்மவர் வழங்கிய 'பிராணவாயு' என்னுஞ் சொல்லோ, உயிர்க்கு அவ்வாயு ஆற்றும் பணியைக் கூறுதலால் அப்பிழையினின்று தப்பிற்று. மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்கரான கிறீன், 1875 இல் வெளிவந்த தம் இரசாயன நூலுக்குக் 'கெமிஸ்தம்' என ஒலியைத் தழுவிப் பெயரிட்டார். ஒலியைத் தழுவின் பொருள் மறையும். பொருளைத் தழுவின் பிறர் பிழையும் உடன் வரும். இரு வழியிலும் இடருண்டு.

ஆதலின் இளைஞர்காள், கலைச்சொல்லை மனனஞ் செய்வதோடு அமையாதீர். அது எப்போது, யாரால், எதனைக் கருதி இடப்பட்டதென வினவுங்கள். தமிழில் நாளை புதுச்சொல் ஆக்கப்போவோர் நீவிரே அன்றோ?