ஃப்ராஜைல் எக்ஸ் குறைபாட்டுக்கான மருந்தாய்வு

குடும்ப வழியாக வரும் அறிவுத்திறன் குறைபாடுகளில் மிகப் பரவலானது ஃப்ராஜைல் எக்ஸ். எக்ஸ் குரோமோசோமில் உள்ள எஃப்எம்ஆர்1 மரபணுவில் சிஜிஜி என்னும் மூன்றெழுத்துத் தொடர் 200 தடவைக்கு மேல் திரும்பத் திரும்ப வந்தால் மரபணு முடங்கிவிடும். எஃப்எம்ஆர்பி புரதம் உருவாகாது. ஒரே எக்ஸ் கொண்ட ஆண் பிள்ளைகளுக்குப் பாதிப்பு கடுமை. பேச்சு தாமதமாகும், பதற்றம் மிகும், முகம் பார்த்துப் பேசத் தயக்கம் இருக்கும்.

மரபணு 1991இல் கண்டறியப்பட்டது. நரம்பு இணைப்புகளில் புதுப் புரதங்கள் அளவுக்கு மீறி உருவாகாமல் எஃப்எம்ஆர்பி அடக்கிவைக்கிறது. எம்ஜிஎல்யூஆர்5 ஏற்பி அந்த உற்பத்தியைத் தூண்டுகிறது. அடக்க ஆளில்லாதபோது தூண்டுதலைக் குறைத்தால் என்ன? ஆய்வாளர்கள் மார்க் பேர், கிம்பர்லி ஹியூபர், ஸ்டீபன் வாரன் மூவரும் 2004இல் வெளியிட்ட கோட்பாட்டின் சாரம் இதுவே. 2007இல், இந்த ஏற்பியைப் பாதியாகக் குறைத்து வளர்க்கப்பட்ட ஃப்ராஜைல் எக்ஸ் எலிகளிடம் பல குறைகள் சரியாயின.

மனிதர்களிடம் அது பலிக்கவில்லை. இந்த ஏற்பியை அடக்கும் மருந்துகளான நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மாவோகுளுரன்ட், ரோஷ் நிறுவனத்தின் பாசிம்குளுரன்ட் இரண்டும் பதின்வயதினருக்கும் பெரியவர்களுக்கும் தரப்பட்டன. போலி மாத்திரையை மிஞ்சவில்லை. நோவார்ட்டிஸ் 2014இல் கைவிட்டது. வேறு வழியில் செயல்படும் ஆர்பாக்ளோஃபென் ஆய்வு 2013இல் நின்றபோது, பிள்ளை தேறிவருவதாக நம்பிய பெற்றோர் மருந்தைத் தொடரச் சொல்லி மன்றாடினர். அந்த நம்பிக்கையைப் பிரமை என்று தள்ளிவிடக் கூடாது. அளவுகோலிலும் கோளாறு இருந்தது: முடிவுகள் பெரும்பாலும் பெற்றோர் நிரப்பிய நடத்தைப் படிவங்களைச் சார்ந்திருந்தன. போலி மாத்திரை பெற்றவர்களின் படிவங்களும் முன்னேற்றத்தையே காட்டின. பிறகு சிறு குழந்தைகளுக்கு மாவோகுளுரன்ட்டுடன் மொழிப் பயிற்சியும் சேர்த்துத் தரப்பட்டது. அப்போதும் மருந்தால் கூடுதல் பலன் தெரியவில்லை.

ஜடோல்மிலாஸ்ட் என்ற மருந்தின் ஆய்வோ பங்கேற்றவர்களின் திறனையே நேரடியாக அளந்தது. மூளையில் குறைந்திருக்கும் சைக்ளிக் ஏஎம்பி என்னும் சமிக்ஞைப் பொருள் சிதையாமல் காப்பது இம்மருந்தின் வேலை. எலிசபெத் பெரி-கிராவிஸ் தலைமையில் 30 ஆண்கள் 12 வாரம் மருந்தும் 12 வாரம் போலி மாத்திரையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தனர். ஒரு சோதனையில் ஒரு சொல் ஒலிக்கும். திரையில் உள்ள படங்களில் அதற்குரியதைத் தொட வேண்டும். இதிலும் வாய்விட்டு வாசிப்பதிலும் மருந்துக் காலத்தில் மதிப்பெண் உயர்ந்ததாக 2021இல் நேச்சர் மெடிசின் இதழ் வெளியிட்டது. முப்பது பேர் போதாது என்பதால் பெரிய ஆய்வுகள் தொடங்கப்பட்டன. இப்போதைக்கு மருத்துவர்கள் வழக்கமாக எழுதித்தரும் மருந்துகள் பதற்றம், கவனச்சிதறல், வலிப்பு ஆகியவற்றைத் தணிப்பவை. பேச்சுப் பயிற்சியும் சிறப்புக் கல்வியும் கூடவே நடக்கின்றன.