திரும்பி ஓட வைத்தவர்: ஜாக் சார்ல்டனின் பயிற்சி முறையில் பின்கள அனுபவத்தின் பங்கு

1986 பிப்ரவரியில் அயர்லாந்துக் குடியரசு தன் தேசியக் கால்பந்து அணியை முதன்முறையாக ஓர் ஆங்கிலேயரிடம் ஒப்படைத்தது. அதுவரை உலகக் கோப்பையின் இறுதிச் சுற்றிலோ ஐரோப்பியக் கோப்பையின் இறுதிச் சுற்றிலோ அந்நாடு ஆடியதில்லை. அடுத்த எட்டு ஆண்டுகளில் மூன்று முறை ஆடிவிட்டது. இந்தத் திடீர் உயர்வைச் சிலர் அதிர்ஷ்டம் என்றனர். சிலர் பந்தை வானத்தில் தூக்கியடிக்கும் முரட்டு ஆட்டத்தின் விளைவு என்றனர். இரண்டும் போதுமான விளக்கங்கள் அல்ல. ஜாக் சார்ல்டன் அயர்லாந்துக்குக் கற்பித்த ஆட்டத்தின் வேர், அவர் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஸ்டாப்பர் பேக்காக, அதாவது நடுப் பின்கள வீரராக, நின்ற லீட்ஸ் யுனைடெட்டின் பின்களத்தில் இருக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சார்ல்டன் 1935 மே 8 அன்று, இங்கிலாந்தின் வடகிழக்கே நிலக்கரிச் சுரங்க ஊரான ஆஷிங்டனில் பிறந்தார். தந்தை சுரங்கத் தொழிலாளி. தாய் சிசி, மில்பர்ன் குடும்பத்துப் பெண். அவருடைய சகோதரர் நால்வரும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். ஊரார் கண்ணில் கால்பந்து வரம் பெற்றவர் தம்பி பாபிதான். ஜாக் சிறிது காலம் சுரங்கத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு, அது தனக்கு ஒத்துவராது என்று லீட்ஸுக்குப் போனார். 1973இல் ஓய்வுபெறும்வரை வேறெந்தக் கழகத்துக்கும் ஆடவில்லை. அங்கே அவர் ஆடிய 773 ஆட்டங்கள் இன்றும் அக்கழகத்தின் சாதனை.

1961இல் டான் ரெவீ லீட்ஸின் மேலாளரானபின்தான் சார்ல்டனின் ஆட்டம் முதிர்ந்தது. இங்கிலாந்து அணிக்கான அழைப்பு வந்தபோது முப்பது வயதை நெருங்கியிருந்தார். 1965 ஏப்ரலில் ஸ்காட்லாந்துக்கு எதிராக முதல் ஆட்டம். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை. பந்தோடு முன்னேறிச் செல்லும் பாபி மூரின் பக்கத்தில், மேலே வரும் பந்தை முட்டி விலக்கவும் விட்டுப்போன இடத்தைக் காக்கவும் ஒருவர் தேவைப்பட்டார். மிகச் சிறந்த பதினொருவரைத் தான் தேடுவதில்லை, ஒருவருக்கொருவர் பொருந்தும் அணியையே தேடுகிறேன் என்று மேலாளர் ஆல்ஃப் ராம்சே சொன்னதைச் சார்ல்டன் பிற்காலத்தில் நினைவுகூர்வதுண்டு. அந்த வாக்கைப் பாராட்டாகக் கொள்ள முடியாதுதான். ஆனால் அவருடைய பயிற்சி வாழ்க்கையின் அடித்தளமே அதில் இருக்கிறது.

ஆடும் காலத்திலேயே பயிற்சியாளர் வகுப்புகளுக்குச் சென்றவர் அவர். லீட்ஸுக்குக் கார்னர் கிடைத்தால் எதிரணிக் கோல்கீப்பருக்கு முன்னால் கோல்கோட்டின்மேல் போய் நிற்பார். நெடிய உடம்பைத் தாண்டிக் கீப்பரால் பந்தை எட்ட முடியாது. பின்கள வீரரான அவர் லீட்ஸுக்காக 90க்கும் மேற்பட்ட கோல்கள் அடித்ததில் இந்தத் தந்திரத்துக்குப் பங்குண்டு. எதிராளிக்கு எது சங்கடம் என்ற கேள்வியிலிருந்தே அவர் சிந்தனை தொடங்கியது.

1973இல் மிடில்ஸ்பரோவின் மேலாளரானதும் இதே கேள்வியை எழுப்பினார். ஆஃப்சைடு பொறி வைத்து முன்னேறி நிற்கும் பின்களங்களை எப்படி உடைப்பது? முன்கள வீரர்களைப் பின்னிழுத்து, நடுக்களத்திலிருந்து வேகமாக ஓடிவரும் ஆலன் ஃபாகனை அந்த வரிசைக்குப் பின்னால் அனுப்பினார். முதல் பருவத்திலேயே அணி இரண்டாம் டிவிஷனை 65 புள்ளிகளுடன் வென்றது. இரண்டாமிடத்து லூட்டனுக்கு 50. ஷெஃபீல்ட் வெட்னஸ்டேயையும் 1980இல் மூன்றாம் டிவிஷனிலிருந்து மேலே கொண்டுவந்தார். இடையில் 1977இல் இங்கிலாந்து அணிக்கு மேலாளராக விண்ணப்பித்தார். பதில்கூட வரவில்லை.

1986 மெக்சிகோ உலகக் கோப்பையைப் பார்த்த சார்ல்டன், ஏறக்குறைய எல்லா அணிகளும் நடுக்களத்து ஆட்ட நாயகன் வழியாகவே பந்தை நகர்த்துவதைக் கவனித்தார். அந்த ஆட்டத்தில் அவர்களை வெல்ல அயர்லாந்தால் ஆகாது என்று முடிவுகட்டினார். அவர் கண்ட மாற்று இது: பந்து எதிரணி ஃபுல்பேக்கின் முதுகுக்குப் பின்னால், கார்னர் கொடியை ஒட்டிய வெற்றிடத்தில் விழவேண்டும். அந்த வீரர் தன் கோலைப் பார்த்துத் திரும்பி ஓடுவார். பின்னாலேயே அயர்லாந்தின் முன்கள வீரர் துரத்துவார். நடுக்களம் மொத்தமும் மேலேறி வெளியேறும் வழிகளை அடைக்கும். தன் கோலை நோக்கி ஓடுவதைப்போல் பின்கள வீரர் வெறுப்பது வேறொன்றில்லை. சார்ல்டன் அதை உடம்பால் அறிந்தவர். முறையின் சாரம் பந்தின் நீளத்தில் இல்லை, அதைத் தொடரும் அந்த நெருக்குதலில் இருக்கிறது என்பதை விமர்சகர்கள் பலர் கவனிக்கத் தவறினார்கள்.

தன் ஆட்களை, அயர்லாந்துப் பூர்வீகத்தால் அந்நாட்டுக்கு ஆடும் தகுதி பெற்றவர்களிடையேயும் தேடினார். லிவர்பூலில் பிறந்த ஜான் ஆல்ட்ரிட்ஜும் கிளாஸ்கோவில் பிறந்த ரே ஹௌட்டனும் அந்த உலகக் கோப்பைக்கு முன்பே, 1986 மார்ச்சில், அணிக்கு வந்திருந்தனர். கழகத்துக்குக் கோல்களைக் குவித்த ஆல்ட்ரிட்ஜுக்கு, அயர்லாந்துக்காக முதல் கோல் அடிக்க 1988 அக்டோபர் வரை ஆனது. ஃபுல்பேக்குகளைத் துரத்துவதே அவர் வேலை என்பதால் சார்ல்டன் அவரை விடவில்லை. பால் மெக்ராத் என்ற அருமையான பின்கள வீரரை நடுக்களத்தில் நிறுத்தினார். லியம் பிரேடியின் கதைதான் வலிக்கிறது. நிதானமாகப் பந்தை வைத்து ஆடிய அந்தக் கலைஞரை, 1989இல் மேற்கு ஜெர்மனிக்கு எதிராக முதல் பாதியிலேயே வெளியே அழைத்தார். ராம்சேயின் பாடம் இங்கே இரக்கமில்லாமல் செயல்பட்டது. முறை சரியாக இருந்திருக்கலாம். ஆனால் அத்தகைய வீரரை அப்படி நடத்தியிருக்க வேண்டியதில்லை என்றே கருதுகிறேன்.

1988 ஜூன் 12, ஐரோப்பியக் கோப்பை, ஸ்டுட்கார்ட். ஆறாம் நிமிடத்தில் இங்கிலாந்தின் ஃபுல்பேக் கென்னி சான்சம் தவறாக உதைத்து மேலெழும்பிய பந்தை ஆல்ட்ரிட்ஜ் தலையால் தள்ள, ஹௌட்டன் முட்டிக் கோலாக்கினார். அந்த ஒரே கோலில் இங்கிலாந்து தோற்றது. 1990இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் ஐந்து ஆட்டங்களில் இரண்டே கோல்கள். பெனால்டியில் ருமேனியாவை வென்று காலிறுதி வரை சென்றனர். 1994 உலகக் கோப்பையில் நியூஜெர்சியில் இத்தாலியை 1-0 என வென்றனர்.

சரிவுக்கும் காரணங்கள் இருந்தன. சக வீரர் வேண்டுமென்றே காலால் தரும் பந்தைக் கோல்கீப்பர் கையால் எடுக்கக் கூடாதென்ற விதி 1992இல் வந்தது. ஆட்டத்தின் வேகத்தைக் குறைக்கக் கீப்பரையே நம்பிய அணிகளில் அயர்லாந்தும் ஒன்று. வீரர்களுக்கும் வயதாகியிருந்தது. 1995 டிசம்பரில் ஆன்ஃபீல்டில் நெதர்லாந்திடம் 0-2 எனத் தோற்று ஐரோப்பியக் கோப்பை வாய்ப்பை இழந்தனர். அதன்பின் சார்ல்டன் விலகினார். 94 ஆட்டங்களில் 47 வெற்றி, 17 தோல்வி. 1996இல் அயர்லாந்து அவருக்குக் கௌரவக் குடியுரிமை வழங்கியது. அவர் இடத்துக்கு வந்த மிக் மெக்கார்த்தி, 1990 உலகக் கோப்பையில் அவருடைய அணித்தலைவராக இருந்தவர். அவரும் ஒரு ஸ்டாப்பர் பேக்தான்.