சீனடியும் சீனரின் மூச்சுக்கலையும்

ஈழத்தின் கீழ்க்கரையிலே கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று முதலாய ஊர்களில் வாழும் முஸ்லிம் மக்களிடை வழங்கிவந்த வீரக்கலைகளுள் சிலம்படியும் சீனடியும் குறிப்பிடத்தக்கன. சிலம்படி கம்பு கொண்டு ஆடுவது. சீனடி பெரும்பாலும் வெறுங்கையாற் பொருவது. திருமண வீட்டிலும் சுன்னத்துக் கலியாணத்திலும் இவை ஆடப்பெற்றன. சீனடி என்னும் பெயர் வரலாறு கற்போர் உள்ளத்தில் ஒரு வினாவை எழுப்புகின்றது. இக்கலை சீனத்திலிருந்து வந்ததா? வந்ததாயின், உயிராற்றலைச் சமன்செய்து வளர்க்கும் சீனரின் மூச்சுக்கலையும் உடன்வந்ததா? இவையே ஈண்டு ஆராயற்பாலன.

முதற்கண் சீனக்கலையின் வரலாற்றை நோக்குவாம். மூச்சு, காற்று, ஆவி, உயிராற்றல் என்னும் பொருள்களெல்லாம் அடங்கச் சீனர் வழங்குஞ் சொல் ‘சி’ என்பது. அது தடையின்றி ஓடின் நலமும், தேங்கின் நோயும் உண்டாம் என்பது அவர்தம் மருத்துவக் கொள்கை. உடலை அசைத்தும் மூச்சை நெறிப்படுத்தியும் அதனை ஓட்டும் பயிற்சியைப் பண்டையோர் ‘தாவோயின்’ என்றனர். கி. மு. 168இல் மூடப்பெற்ற மாவங்துவிக் கல்லறையொன்று 1973இல் அகழப்பெற்றபோது, இப்பயிற்சி செய்யும் நாற்பத்துநான்கு மாந்தர் உருவங்கள் தீட்டிய பட்டுத்துணி வெளிப்பட்டது. ஆடவரும் பெண்டிரும், முதியோரும் இளையோரும் அதிற் காணப்படுகின்றனர். பின்னர், கி. பி. 3ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மறைந்த ஹுவா தோ என்னும் மருத்துவர், புலி, மான், கரடி, குரங்கு, பறவை ஆகிய ஐந்தின் அசைவுகளைத் தழுவிய பயிற்சியை வகுத்தார் என்ப. கலை இத்துணைப் பழையதாயினும், ‘சிகுங்’ என்னும் பெயர் இன்றைய பொருளிற் பரவியது 1950களிலேயே. லியு குய்ச்சென் என்பார் அதனை மருத்துவ நிலையங்களிற் புகுத்தியதன் பயன் அது.

இனி, சீனர்க்கும் இத்தீவுக்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கு இடமற்றது. 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் பாகியன் அநுராதபுரத்தில் ஈராண்டு தங்கினார். செங் ஹோ என்னும் கடற்றளபதியின் 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டுச் சீனம், தமிழ், பாரசீகம் என்னும் மும்மொழியில் அமைந்தது. காலியில் 1911இற் கண்டெடுக்கப்பெற்ற அதன் சீனப்பகுதி புத்தரையும், தமிழ்ப்பகுதி தெனவரை நாயினாரையும், பாரசீகப்பகுதி இஸ்லாத்தையும் போற்றுகின்றது. அத்தளபதியோ முஸ்லிம் குடும்பத்திற் பிறந்தவர். ஆகவே, சீனக் கப்பலோடு சீனக் கலையும் கரையேறியிருக்கலாம் என எண்ணுவது எளிது.

எனினும், ‘இருக்கலாம்’ என்பது வேறு. ‘இருந்தது’ என்பது வேறு. அக்கல்வெட்டுக் காணிக்கைகளை எண்ணிச் சொல்கின்றதேயன்றிக் கலைகளைச் சொல்லவில்லை. பெயரோ தனித்து நின்று சான்றாகாது. சீனச்சட்டி, சீனவெடி எனத் தமிழர் பலவற்றுக்குச் சீனப்பெயர் இட்டனர். அப்பெயர் தாங்கிய சட்டிகளெல்லாம் சீனத்தில் வார்க்கப்பட்டன அல்ல. சிங்கள மக்களிடையும் இப்பெயருடைய போர்க்கலை உண்டு. ஆதலின் இது கீழ்க்கரைக்கு மட்டும் உரியதொரு தனிநிகழ்ச்சியைக் காட்டுவதாகக் கொள்ளுதலும் பொருந்தாது.

இதற்கு எதிரான வழக்கொன்றும் உண்டு. தென்னாட்டிலிருந்து சென்ற போதிதருமரே சீனர்க்கு இக்கலைகளைக் கற்பித்தார் என்பது அது. அதற்கு ஆதாரமாகக் காட்டப்பெறும் தசைநார்ப் பயிற்சிநூல் 17ஆம் நூற்றாண்டினது என ஆய்வாளர் துணிந்துள்ளனர். போதிதருமரோ அதற்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் முற்பட்டவர். மேலும், மாவங்துவிப் பட்டு அவர்க்கும் பல நூற்றாண்டு முந்தியது. கொடுத்தோம் எனப் பெருமை கொள்வதும் பெற்றோம் எனக் கற்பனை செய்வதும் ஒரே பிழையின் இருபுறங்களாம்.

அவ்வாறாயின் கீழ்க்கரை மக்களுக்கு மூச்சுநெறி புதியதா? அன்று. திருமூலர் தம் நூலின் மூன்றாந் தந்திரத்தில் மூச்சடக்கத்தை விரித்துரைத்தார். குணங்குடி மஸ்தான் சாகிபு (1792–1838) சூபி ஞானத்தைச் சித்தர் மரபுச் சொற்களாற் பாடினார். யோகமூச்சைப் பேசும் ‘அமிர்தகுண்டம்’ அரபியிலும் பாரசீகத்திலும் பெயர்க்கப்பெற்றது. இறைநாமத்தை மூச்சோடு இசைத்தோதும் திக்ர் பல தரீக்காக்களில் உண்டு. கல்முனைக் கடற்கரைப்பள்ளிக் கொடியேற்ற விழாவில் நிகழும் றிபாயீ றாத்திபும் ஓசையையும் உடலையும் ஒருங்கிணைப்பதே. சீனத்திலும் லியு ச்சி என்னும் முஸ்லிம் அறிஞர், 1704இல் வெளிவந்த தம் நூலில், ‘சி’ என்னும் கருத்தைக் கொண்டே இஸ்லாமியக் கோட்பாட்டை விளக்கினார்.

இவற்றை ஒன்றெனக் கொள்ளலும் ஆகாது. சீனர் கொப்பூழுக்குக் கீழே ஆற்றலைத் திரட்டுவர். சித்தர் மூலாதாரத்திலிருந்து மேலே எழுப்புவர். சூபியர்க்கு மூச்சன்று, இறைநினைவே இலக்கு. மெல்ல மூச்சுவிடின் நெஞ்சத்துடிப்புத் தணிந்து மனம் அமைதியுறும் என்னும் உடற்கூற்று உண்மை எல்லார்க்கும் பொது. பொதுவான உடலிலிருந்து ஒத்த பயிற்சிகள் வெவ்வேறிடத்தில் தாமே தோன்றுதலும் கூடும்.

ஆகவே, சீனடியின் பிறப்பிடம் இன்னும் தீராத வினாவாகவே நிற்கின்றது. அதனைத் தீர்க்க வல்லது தொலைநாட்டுக் கல்வெட்டன்று. கலை பயின்ற அண்ணாவிமாரின் நினைவே. அடியெடுக்கும்போது மூச்சை எங்கே அடக்கினர், எங்கே விட்டனர், வரிசைகளுக்கு என்ன பெயரிட்டனர் என்பனவற்றை அவர் வாய்மொழியாலன்றி அறிதல் இயலாது. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை இக்கரையிற் பல்லாயிரவரைக் கொண்டுபோயிற்று. எழுதப்படாத கலை, கற்றவர் மறையத் தானும் மறையும். எஞ்சிய முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல், பெயரைக் கொண்டு பெருமை பேசுவதினும் மேலான தொண்டாகும்.