இரண்டாவது முறிவுக்கு யார் பொறுப்பு?

முதியவர் ஒருவர் கால் தடுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டால், மருத்துவமனைப் பதிவேடு அதை விபத்து என்று எழுதிக்கொள்கிறது. மாவுக்கட்டு போடப்படுகிறது, சில வாரங்களில் பிரிக்கப்படுகிறது, கோப்பும் மூடப்படுகிறது. நின்ற நிலையிலிருந்து விழுந்ததைக்கூடத் தாங்காத எலும்பு பெரும்பாலும் எலும்புப்புரை நோயால் நலிந்த எலும்பு என்ற செய்தியை எவரும் எழுதுவதில்லை. ஒருமுறை இப்படி முறிவு கண்டவருக்கு அடுத்த முறிவு நேரும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்கு. முதல் இரண்டு ஆண்டுகளில் அந்த ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. இடுப்பு எலும்பு முறிந்து வருவோரில் ஏறக்குறைய பாதிப்பேர் அதற்கு முன்பே வேறோர் எலும்பை முறித்துக்கொண்டவர்கள். எனவே இடுப்பு முறிவைத் திடீர் நிகழ்வு என்பது பாதி உண்மையே.

மருந்து இல்லாததால் இந்த நிலை நீடிக்கவில்லை. எலும்பை வலுப்படுத்தும் அலெண்ட்ரோனேட் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1995இல். இடுப்பு முறிவுக்கு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கு ஆண்டுக்கொரு முறை சோலட்ரோனிக் அமிலத்தைச் சிரையில் செலுத்திப் பார்த்த ஆய்வு 2007இல் வெளியானது. புதிய முறிவுகள் 35 விழுக்காடும் இறப்பு 28 விழுக்காடும் குறைந்தன. இத்தனை இருந்தும் முறிவுக்குப் பின் சிகிச்சை பெறுவோர் பல நாடுகளில் சிறுபான்மையினரே. எலும்பை இணைத்துத் தருவதோடு தன் வேலை முடிந்தது என்கிறார் எலும்பு அறுவை மருத்துவர். முறிவைப் பற்றிக் குடும்ப மருத்துவருக்குத் தகவலே வருவதில்லை. நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் நோயாளியை அனுப்புவார் இல்லை. இந்த நோய்க்கு உரிமையாளர் இல்லை என்பதுதான் சிக்கல். அறிவுக் குறைவோ மருந்துப் பற்றாக்குறையோ அதற்கு அடுத்தபடிதான்.

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் 1999இல் தொடங்கிய முறிவுத் தொடர்பு சேவை இந்த இடைவெளியில் ஒரு செவிலியரை நிறுத்தியது. அலஸ்டர் மெக்லெல்லன் முதலிய மருத்துவர்கள் வகுத்த ஏற்பாடு அது. ஐம்பது வயதைத் தாண்டிய முறிவு நோயாளிகளை வார்டிலும் வெளிநோயாளர் பிரிவிலும் செவிலியரே தேடிக் கண்டார். அவர்களுக்கு எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் ஏற்பாடு செய்தார். சிகிச்சைப் பரிந்துரை வரை கொண்டுசேர்த்தார். முதல் 18 மாதங்களில் 4,600க்கும் மேற்பட்டோர் இவ்வாறு கவனிக்கப்பட்டார்கள். ஆயிரம் நோயாளிகளுக்கு 18 முறிவுகள் தவிர்க்கப்படும், அவற்றுள் 11 இடுப்பு முறிவுகள், செலவிலும் 21,000 பவுண்டு மிச்சம் என்று 2011இல் வந்த கணக்கீடு காட்டியது. தொகை பெரிதன்று. ஆனால் செலவைக் கூட்டாமலே முறிவைத் தடுக்கும் ஏற்பாடுகள் முதியோர் மருத்துவத்தில் அரிது.

ஒருங்கிணைப்பு என்ற பெயரில் செய்வதெல்லாம் பயன் தருவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 2013இல் வெளியான தொகுப்பாய்வு இச்சேவைகளை நான்கு வகையாகப் பிரித்தது. நோயாளியைக் கண்டறிந்து, பரிசோதித்து, மருந்தையும் தானே தொடங்கும் வகையில் சுமார் 46 விழுக்காட்டினர் சிகிச்சை பெற்றார்கள். பரிசோதனையோடு நிறுத்தி மருந்தைக் குடும்ப மருத்துவரிடம் விட்டபோது அது 41 ஆனது. நோயாளிக்கும் மருத்துவருக்கும் தகவல் மட்டும் தெரிவித்தபோது 23. நோயாளிக்கு அறிவுரையும் துண்டறிக்கையும் மட்டும் தந்தபோது 8. விழிப்புணர்வு முகாமுக்கு மேடை போட்டு மனநிறைவடையும் சுகாதாரத் துறைகள் இந்தக் கடைசி எண்ணைச் சுவரில் எழுதி வைக்கலாம்.

சான்றுகளில் ஓட்டை இல்லாமல் இல்லை. சிட்னி கான்கார்ட் மருத்துவமனையில் சேவையில் தொடர்ந்தவர்களுக்கு நான்காண்டில் மறுமுறிவு 4.1 விழுக்காடு, விலகியவர்களுக்கு 19.7. கண்ணைப் பறிக்கும் வேறுபாடுதான். ஆனால் தானே முன்வந்து சிகிச்சையில் தொடர்பவர் மற்ற வகையிலும் உடலைப் பேணுபவராக இருக்கக்கூடும். அந்த வேறுபாடு முழுவதையும் சேவையின் கணக்கில் வரவு வைக்க முடியாது. மருந்துகளின் பயனோ சமவாய்ப்பு ஆய்வுகளில் உறுதிப்பட்டது. அந்த மருந்தை உரியவரிடம் சேர்ப்பதே சேவையின் வேலை என்பதால், இந்தக் குறை வாதத்தைத் தளர்த்துகிறதே தவிர வீழ்த்தவில்லை.

மருந்தைத் தொடங்குவதோடு கடமை தீர்வதுமில்லை. அலெண்ட்ரோனேட்டை வெறும் வயிற்றில் ஒரு கோப்பைத் தண்ணீருடன் விழுங்கி அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். பலர் விரைவிலேயே கைவிடுகிறார்கள். ஆறு மாதத்துக்கொருமுறை போடும் டெனோசுமாப் ஊசியை மாற்று மருந்தின்றி நிறுத்தினால் எலும்பின் அடர்த்தி சரிந்து, முதுகெலும்புகள் அடுத்தடுத்து முறியக்கூடும். தவணை தவறுகிறதா என்று பார்க்க ஆள் இல்லாத இடத்தில் அந்த ஊசியைத் தொடங்குவதே பிழை என்பது என் கருத்து. தூக்க மாத்திரை, மங்கிய பார்வை, வழுக்கும் குளியலறை ஆகியவற்றைக் கவனிப்பதும் இதே ஆளின் பொறுப்பில்தான் வர வேண்டும்.

தமிழ்நாட்டில் கிளாஸ்கோவை அப்படியே நகலெடுத்தால் போதாது. இங்கே கை முறிந்தால் புத்தூர்க் கட்டு என்னும் நாட்டு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் உண்டு. மருத்துவமனை வாசலில் காத்திருக்கும் செவிலியர் அவர்களைக் காணவே மாட்டார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டமோ இரத்த அழுத்த, நீரிழிவு மருந்துகளோடு வீடுகளுக்கே செல்கிறது. இயன்முறை சிகிச்சையும் அதில் உண்டு. ஐம்பது வயதுக்குப் பின் விழுந்து எலும்பு முறிந்ததா என்ற கேள்வியை அந்த ஊழியர்கள் கேட்கச் செய்வதும், ஆம் என்பவரைப் பரிசோதித்து மருந்து எழுதும் பொறுப்பை மாவட்டத்துக்கு ஒருவரிடம் பெயர் குறித்து ஒப்படைப்பதும் அரசு உடனே செய்யக்கூடியவை. செய்ய வேண்டும்.