சலாபத்துக் கரையும் தோட்டத்து வழியும்

கொற்கை வளங்குன்றிய பின்னர்ப் பாண்டிநாட்டு முத்துக்குளித்தலுக்குத் தூத்துக்குடியே தலைமைத் துறையாயிற்று. அத்துறையிலும் அதன் வடபாலுள்ள பாம்பன் முதலிய துறைகளிலுமிருந்து 19ஆம் நூற்றாண்டிலே தமிழ்மக்கள் இருதிறத்தாராய் இலங்கை சென்றனர். ஒருதிறத்தார் முத்துக்குளிக்கும் பரதவரும் கீழக்கரைச் சோனகரும். மற்றையோர் மலைநாட்டுக் காப்பித் தோட்டங்களை நாடிய ஏழைக் கூலிகள். இருதிறத்தாரும் பெரும்பாலும் இறங்கியது மன்னார்ப் பகுதியே. பெற்ற வரவேற்போ ஒன்றன்று.

சலாபங் கூடும் ஆண்டுகளில் அரிப்பு, சிலாவத்துறை முதலிய வெறுங்கரைகளிலே அரசாங்கத்தார் குடிநீர், காவல், வைத்தியசாலை அமைத்து ஓர் ஊரையே சமைத்தனர். சுறாவின் வாயை மந்திரத்தாற் கட்டுவதாகக் கூறிய கடல்கட்டிக்குங் கூலி கொடுத்தனர்! கொட்டில் இறக்கிய சிப்பியை மூன்று குவையாக்கி, இரண்டைத் தாம் கொண்டு, ஒன்றைக் குளித்தோர்க்கு விடுத்தல் அந்நூற்றாண்டின் இறுதியில் வழக்கம். அவர் அதனை அக்கரையிலேயே விற்றுப் பொருளாக்கினர்.

கூலிகள் நிலை வேறு. மன்னாரிலிருந்து மாத்தளை வரை ஏறக்குறைய 150 மைல் காட்டுவழி. நீரின்மையும் விஷபேதியும் காய்ச்சலும் பலரை வழியிலேயே மாய்த்தன. நோயுற்றாரைக் கைவிட்டுச் சென்ற கங்காணிமாரும் உளர். கங்காணியும் தமிழனே என்பதை மறைத்தல் வரலாறாகாது. 1841 முதல் 1848 வரை வந்தோருள் நால்வரில் ஒருவர் மாண்டனரெனக் கொழும்பு ‘அப்சர்வர்’ பத்திரிகை 1849இல் மதிப்பிட்டது. அது மிகையென்பாரும் உளர். பாதி கழிப்பினும் கொடிதே. சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரம் அப்பகுதியிலேயே உள்ளது. போர்த்துக்கேயரால் இடியுண்டு அந்நாளில் பாழாய்க் கிடந்தமையின், தொழுது செல்லவும் அவர்க்கு வாய்த்திலது. வழியின் முடிவாகிய மாத்தளையில் 1874இல் முத்துமாரியம்மன் கோயில் எழுந்தது.

இவ்வேற்றுமைக்குக் காரணம் அதிகாரிகளின் இரக்கமும் இரக்கமின்மையும் எனல் பொருந்தாது. குளிப்போர் தோணியோடு வருவர்; மனங்கசப்பின் தோணியேறித் திரும்புவர்; அவரின்றிச் சிப்பி கரையேறாது. கூலியோ ஊரில் முன்பணம் பெற்ற அன்றே கடனாளி. தோணிக்கூலியும் வழியரிசியும் அக்கணக்கில் ஏறின. தோட்டத்தை விட்டு நீங்கின் சிறையென்றது 1865ஆம் ஆண்டுச் சட்டம். வேறு தோட்டஞ் செல்லின் கடன்தொகை குறித்த ‘துண்டு’ உடன் சென்றது. புதிய துரை அதனைத் தீர்த்தே ஆளைப் பெறுவார்.

1876இல் தூத்துக்குடிக்கு இருப்புப்பாதை வந்தது. 1899இல் கொள்ளைநோய் அச்சத்தால் வடவழி அடைக்கப்படவே, கூலிகள் தூத்துக்குடியில் கப்பலேறிக் கொழும்பில் இறங்கி, இராகமை முகாமில் தடுத்துவைக்கப்பெற்றபின் மலையேறினர். காட்டுநடை ஒழிந்தது. துண்டு 1921 வரை ஒழிந்திலது.